ஆறு மூலை நட்சத்திரம்

மலேசியாவில் எங்கள் ஜொகூர் மாநிலக் கொடி எங்கே பறந்தாலும் என் கண் முதலில் அதிலிருக்கும் நட்சத்திரத்துக்குத்தான் போகும். அதன் மூலைகளை எண்ணுவேன். ஐந்துதான் இருக்கும், வேறென்ன இருக்கப்போகிறது? ஆனாலும் எண்ணாமல் அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது. பக்கத்தில் என் மகன் இருந்தால், "என்னம்மா, இன்னிக்குச் சரியா இருக்கா?" என்று கேலி பேசுவான். சரியாகத்தான் இருக்கிறது என்பேன். அவனிடம் வேறென்னத்தைச் சொல்ல?

குளுவாங்கிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நாங்கள் இருந்தோம். வெள்ளைக்காரத் துரைகளின் காலம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தார்கள். அண்ணனும் நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒப்புக்குப் போய்வந்தோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ரப்பர் தகடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குளுவாங் ஸ்டேஷனுக்குப் போவார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்களுக்கு ஒரே அறை. அதில் ஐந்து பேர். ஆறாவது ஆள் அம்மாவின் வயிற்றில் இருந்தது. எனக்கு ஏழு வயது.

முந்தின வருஷம் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால்வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். மழையில் ஊறிய சரிவில் அப்படி இறங்கும்போது அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். அதனால் இந்தத் தடவை அம்மாவுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். பிள்ளை பிறக்கும்வரை தோளில் காண்டா ஏறக்கூடாது. முருகன் கோயிலில் அதைக் கேட்டாள், தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியிடமும் கேட்டாள். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. கிராணி சொன்னார்.

சுல்தானின் பிறந்தநாள் வரப்போகிறது, ஆபீஸ் கம்பத்தில் இருந்த பழைய கொடியைக் கரையான் தின்றுவிட்டது, துரை புதுக் கொடி கேட்கிறார், நீ ஊசி பிடிக்கிறவளாமே, தைத்துக் கொடு, பிள்ளை பெறும்வரை ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு என்றார். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. துணியை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு எனக்கும் அண்ணனுக்கும் வெல்லம் போட்டுக் கஞ்சி கொடுத்தாள்.

நீலத் துணி, மேல்மூலையில் சிவப்பு, சிவப்புக்குள் வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும். கிராணி வாயால் சொன்னது இவ்வளவுதான். பழைய கொடியை அம்மா சரியாகப் பார்த்ததே இல்லை. காற்றில்லாத தோட்டத்தில் அது எந்நேரமும் காயப்போட்ட கைலி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். பிறையை ஒரு தட்டை வைத்து வெட்டினாள். நட்சத்திரத்துக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் போடுகிற கோலம் அல்லவா? மேல்பார்த்த முக்கோணம் ஒன்று, அதன்மேல் கீழ்பார்த்த முக்கோணம் ஒன்று. முருகன் கோயில் சுவரிலும் அதுதான் இருக்கிறது. மூலைக்கு மூலை பிசகாமல் ஆறு மூலை.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து குந்தினார். வாயைத் திறந்தால் பாதி புளுகு, பாதி சிரிப்பு, அதுதான் மாமா. குளுவாங்கில் ஒரு மலாய்க்கார போலீஸ்காரர் தனக்குச் சொன்னதாகச் சொன்னார்.

"இந்த நீலம் இருக்குல்ல, அது கவர்மெண்டு. சிவப்பு, சண்டைக்குப் போற வீரனுங்க. பிறையும் நட்சத்திரமும் சுல்தான்."

"அப்ப நாம எங்க மாமா?" என்றேன்.

போலீஸ்காரர் அதைச் சொல்லவில்லை போலும். மாமா, அம்மா கையிலிருந்த நட்சத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

"அலமாக், நம்மள விட்டுட்டு ஒரு கொடியா? இந்த மூலையெல்லாம் யாரு? எண்ணு பாப்போம். ஒங்கப்பா ஒண்ணு. அம்மா ஒண்ணு. அண்ணன், நீ, நான். ஆறாவது, உள்ள காலாட்டிக்கிட்டு இருக்கானே, அந்தத் தொர!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததாக நினைவில்லை. சிரித்துக்கொண்டே ஆறாவது மூலைக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டாள். நான் அன்று லயம் முழுக்கச் சுற்றிவந்து, சுல்தான் கொடியில் நாங்கள் இருக்கிறோம், நீங்கள் யாரும் இல்லை என்று சொல்லி இரண்டு பேரிடம் அடியும் வாங்கினேன்.

கிராணி கொடியை வாங்க வந்தார். வாசலில் விரித்துப் பிடித்தவர் முகம் கறுத்துவிட்டது.

"என்னா இது? சுல்தான் நட்சத்திரத்துக்கு அஞ்சு மூலை. நீ என்னா ஆறு வச்சிருக்க?"

"நட்சத்திரம்னா ஆறு மூலைதானேங்க ஐயா? நாங்க எப்பவும் அப்படித்தானே போடுவோம்" என்றாள் அம்மா. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"இது என்னா ஒன் வீட்டு வாசலா கோலம் போட? இத ஏத்தியிருந்தா தொர முன்னால என் மானம் என்னாவும்? பிரிச்சுத் தை!"

பென்சிலால் ஒரு ஐந்து மூலை நட்சத்திரத்தை அவரே ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே பழையதைப் பிரித்தாள். இரட்டைத் தையல் போட்ட மூலைதான் கடைசிவரை வரமாட்டேன் என்றது. மிச்சமிருந்த வெள்ளைத் துணியில் புதிது வெட்டித் தைத்து, பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிராணி ஐந்தையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அதற்குப்பிறகு, துணியை வீணாக்கியதற்காக, "நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு" என்றார். விடியுமுன் பேர் கூப்பிட்டு ஆட்களை மரம் வெட்ட அனுப்புகிற இடம்தான் பெரட்டுக்களம்.

"ஐயா, எட்டு மாசங்க. முந்தின தடவையே அப்படிப் போச்சு..."

"கொடி தச்சா லேசு வேலைன்னேன். ஒழுங்கா தச்சியா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே கொடுத்துவிட்டுப் பூசாரியே பிடுங்கிக்கொண்டார். அப்பா போய்க் கங்காணியிடம் கெஞ்சிவிட்டு வந்தார். பிரயோசனமில்லை. பிரித்த பழைய நட்சத்திரத்தை நான் எனக்குக் கேட்டேன். "பிள்ள பொறக்கட்டும், ஒம் பாவாடையில வச்சுத் தச்சுத் தர்றேன்" என்று சொல்லி அம்மா அதைப் பெட்டியில் வைத்தாள்.

அம்மா மறுபடி மரம் வெட்டப் போனாள். அப்பா தன் பங்குக்கு வந்த நிரை மரங்களை அவசரமாக முடித்துவிட்டு ஓடிவந்து அவளுடைய வாளிகளையும் சுமந்தார். ஆனால் இரண்டு பேர் பாலை ஒரு ஆள் எத்தனை நாளைக்குச் சுமக்கமுடியும்? சுல்தான் பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மழை விட்ட ஒரு காலையில், அதே சரிவில் அம்மா விழுந்தாள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லயத்துப் பெண்கள் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

தம்பி அழவே இல்லை. நல்ல பிள்ளை, அழாத பிள்ளை என்று நான் நினைத்தேன். சாயங்காலம் மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அப்பா தம்பியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். அப்போது அம்மா படுத்தபடியே பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அந்த ஆறு மூலை நட்சத்திரத்தை எடுத்துத் தம்பியின் நெஞ்சில் வைக்கச் சொன்னாள்.

எனக்குத் தருவதாகச் சொன்ன நட்சத்திரம்! நான் தரையில் புரண்டு அழுதேன். பக்கத்து வீட்டு அத்தை என்னைத் தூக்கி அணைத்துக்கொண்டு, "அழட்டும் விடுங்க. கூடப்பொறந்தவன் போயிட்டான்ல, அதுக்கும் தெரியுதுல்ல" என்று எல்லோரிடமும் சொன்னாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நட்சத்திரத்துக்காகத்தான் அழுதேன்.

சுல்தான் பிறந்தநாளன்று பிள்ளைகளுக்கெல்லாம் ரொட்டியும் மிட்டாயும் உண்டு. மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். துரை தொப்பியைக் கழற்றினார், கிராணி விறைத்து நின்றார், கொடி மேலே போனது. அதிசயமாக அன்றைக்குக் காற்று இருந்தது. அம்மா தைத்த நீலமும் சிவப்பும் விரிந்து பறந்தன. நான் விரலை நீட்டி மூலைகளை எண்ணினேன். ஐந்து. எங்களையும் எண்ணினேன். அப்பா, அம்மா, அண்ணன், நான், மாமா. மறுபடியும் எண்ணினேன். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. ரொட்டியைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூன்று நாளாக அப்படித்தான். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அம்மா, அழுவாதம்மா. கொடி சரியாத்தான் இருக்கு. அஞ்சு மூல. நாமளும் இப்ப அஞ்சு பேருதானே? கணக்கு சரியாப் போச்சும்மா!"

என் பின்னாலேயே ஓடிவந்த மாமா வாசற்படியில் நின்றுவிட்டார். அம்மா மெல்லத் திரும்பினாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள், மூச்சு முட்டுகிற அளவுக்கு.

நான் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது, அதனால்தான் கட்டிக்கொள்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுடைய ரவிக்கை முன்பக்கமெல்லாம் நனைந்து என் கன்னத்தில் ஒட்டியது. இவ்வளவு அழுதிருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். அது கண்ணீர் இல்லை என்று தெரிவதற்கு எனக்கே ஒரு பிள்ளை பிறக்கவேண்டியிருந்தது.