கருப்பட்டி போட்டால் அது என் எள்ளுருண்டை இல்லை

என் கணவரின் அக்காள் மகன் சசி, தன் டீக்கடையில் கருப்பட்டி போட்ட எள்ளுருண்டையை, சுகர் உள்ளவர்களும் தின்னலாம் என்று போர்டு எழுதி, என் பெயரில் விற்றான். இதுதான் நடந்த தப்பு. குடும்ப விஷயத்தை ஏன் பேஸ்புக்கில் போடுகிறாய் என்று கேட்க வருகிறவர்கள், முதலில் முழுவதும் வாசியுங்கள்.

நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை பஸ் போர்டும் மளிகை பொதிந்து வந்த காகிதமும் பார்த்து நானே படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எள் வறுபடும்போது முதலில் வாசனை வராது. சடசடவென்று வெடிக்கத் தொடங்கிய பிறகுதான் வரும்... அந்தச் சத்தம் கேட்டால் என் கணவர் மாதவன், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அடுக்களைக்கு வந்துவிடுவார். நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். சாயங்காலச் சாயாவுக்கு அவருக்கு எள்ளுருண்டை வேண்டும். வேறு பலகாரம் எதுவும் கணக்கில்லை.

பிறகு அவருக்கு சுகர் வந்தது. சாயாவில் சீனியை விட்டார். கல்யாண வீட்டுப் பாயசத்தையும் விட்டார். ஆனால் எள் வெடிக்கும் சத்தம் கேட்டால் பழைய வழக்கத்தில் அடுக்களை வாசலுக்கு வருவார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

வெல்லத்தை விட்டுவிட்டு உருட்டிப் பார்த்தேன். வெல்லம் இனிப்பு மட்டும் இல்லை, அதுதான் பிடித்து நிறுத்தும் பசையும் என்று அப்போதுதான் தெரிந்தது. தட்டில் பொடியாக உதிர்ந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எடி, இது தின்னதுக்கா, நெத்தியில பூசதுக்கா?"

ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். கருப்பட்டி போடு, கருப்பட்டிக்கு சுகர் ஏறாது. பனை உள்ள ஊர், அக்கானி என்னும் பதநீர் குடித்து வளர்ந்த ஆட்கள், அப்படித்தான் சொல்வார்கள். நான் போட்டேன். தின்பதற்கு முன்னும், தின்ற பிறகும் அவர் விரலில் குத்தி மெஷினில் பார்த்தேன். சீனிக்கு ஏறுவது போலவே ஏறியது. பேரீச்சம்பழம் போட்டேன். அதற்கும் ஏறியது. பாவம், அவர் விரல் நீட்டி நீட்டி அலுத்துப் போனார்.

கடைசியில் இனிப்பையே விட்டேன். எள்ளை மண் போக அரித்துக் காயவைத்து வறுத்தேன். தேங்காய்த் துருவலை எண்ணெய் விடாமல் சிவக்க வறுத்தேன். ஏலக்காய், சுக்கு, ஒரு நுள்ளு உப்பு. சூடு ஆறும் முன் உரலில் இட்டு இடித்தால் எள்ளின் எண்ணெயே வெளியே வந்து பிடித்துக்கொள்ளும். நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று.

"மதுரம் எங்க?" என்றார்.

"தேங்காயில உண்டு. மெதுவா சவச்சு தின்னணும், கேட்டியளா."

சவைத்தார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா மதுரம் வாசல் வரைக்கும் வந்திட்டு திரும்பிப் போன மாதிரி ஆக்கும்."

அதற்கும் விரலில் குத்திப் பார்த்தேன், பெரிதாக ஏறவில்லை. மறுநாள் சாயா நேரத்தில் அவரே தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

ஒரு டப்பாவில் போட்டு சசியின் கடைக்கும் கொண்டுபோவார். அங்கே சாயா குடிக்க வரும் சுகர்காரர்கள் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். முதலில் கேட்டது அதியன்னூர் விமலா டீச்சர், என் பழைய சிநேகிதி. பிறகு கடைக்கென்றே நான் செய்து அனுப்பினேன். போர்டில் என் பெயரும், சுகர் உள்ளவர்களும் தின்னலாம் என்ற வரியும் வந்தது அப்போதுதான்.

கணவர் இறந்த பிறகு நான் எள்ளைத் தொடவில்லை. மாதங்கள் கழித்து ஒருநாள் கடைக்குப் போனேன். போர்டு அப்படியே இருந்தது. ஜார் நிறைய உருண்டை. மூடியைத் திறந்ததும் கருப்பட்டி மணத்தது.

"எலே சசி, இது யாரு செஞ்சது?"

"நான்தான் மாமி. சீனி ஒரு துளி இல்ல. கருப்பட்டி மருந்துல்லா."

"மருந்துன்னா டாக்டர் எழுதித் தரட்டு. நீ எதுக்கு ஜார்ல போட்டு விக்குத?"

"மாமி செஞ்சத நாலு சுகர்காரங்க வாங்கினாவ. இத ஊரே வாங்குது."

"அப்ப ஒனக்க பேர எழுது."

அவன் சிரித்தான். "எனக்க பேரப் போட்டா யாரு மாமி வாங்குவா?"

அந்த வாரமே தெரிந்தது, விமலா டீச்சர் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று. சுகர் கூடி, கால் புண் ஆறவில்லை. உருண்டை மட்டும்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தினமும் அந்த உருண்டையைத் தின்றிருக்கிறார். நான் கட்டில் அருகே போனேன்.

"ஒனக்க கைப்பண்டம்னு நம்பித்தானே தின்னேன், லலிதே."

நான் செய்ததில்லை என்றேன். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பழி தள்ளுகிறேன் என்று நினைத்துவிட்டார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் என் போனை எடுப்பதில்லை.

அன்று என் வீட்டில் ஒரு மனிதர் விரலில் குத்திக் குத்திப் பார்த்த பிறகுதான் ஒரு உருண்டை தட்டுக்கு வந்தது. இன்று ஒரு போர்டு போதும்.

அதனால் சொல்கிறேன்.

சசி அந்தப் போர்டைக் கழற்ற வேண்டும். என் பெயரை மட்டும் அழித்தால் போதாது, சுகர் உள்ளவர்களும் தின்னலாம் என்ற வரியும் போக வேண்டும். அவன் அம்மை, குடும்ப மானம் போச்சு என்று எனக்கு போன் செய்வதை நிறுத்திவிட்டு, மகனுக்குச் செய்ய வேண்டும்.

வாங்கி வைத்திருப்பவர்கள் வீட்டில் சுகர் உள்ள ஆளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். எறியவும் வேண்டாம், பிள்ளைகள் தின்னட்டும். கருப்பட்டி நல்ல பண்டம்தான், பொய்தான் கூடாது. இனி யார் எது சொல்லித் தந்தாலும், முன்னும் பின்னும் மெஷினில் பாருங்கள். நான் சொன்னதையும் சேர்த்து.

கடைசியாக, சசி அதியன்னூருக்குப் போக வேண்டும். டீச்சருக்கு இப்போது காது மந்தம். வாசலில் நின்று சொன்னால் கேட்காது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும்: அது மாமி செய்தது இல்லை, நான் செய்தது.