கயிறு பிடிப்பவர் என்றொரு கட்டம்

1. மாடிப்படி

எங்கள் கடல் உயிரியல் துறையில் செய்முறைத் தேர்வுக்குக் கால் மணி நேரம் இருந்தது. முதல் மாடிக்கு வரவேண்டிய மைக்ரோஸ்கோப் வரவில்லை. தேடிப் போனேன். லேப் டெக்னீஷியன் டிக்சன் அண்ணன் பாதிப் படியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டோர் கீப்பர் முருகேசன் அண்ணாச்சி நின்றார்.

"ஏலே, பரீட்சை உனக்கா, பிள்ளைகளுக்கா? இங்கன உக்காந்து ஜெபம் பண்ணுத?"

"மூச்சு வாங்குது அண்ணாச்சி. ஒரு நிமிசம்."

கோவிட் வந்து போய் மாதங்கள் ஆகியும் அவருக்குக் களைப்பு போகவில்லை. லாங் கோவிட் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அன்று மாலை துறைத்தலைவர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு அவர் வேணும்மா. ஆனா தொட்டியில மீன்குஞ்சு செத்தா பதில் சொல்றது நான். ஒரு மாசம் பாரு. சரிவரலேன்னா மெயின் கேம்பஸ் ரெக்கார்டு ரூமுக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்."

மெயின் கேம்பஸ் இருப்பது கடலில்லாத ஊரில். டிக்சன் அண்ணன் கடலோரப் புன்னைக்காயல்காரர். தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தே உப்பு கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நான் மீட்டரை வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அவரைப் பழைய ஃபைல்களுக்கு நடுவே உட்கார வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2. என் லிஸ்ட்

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. லிஸ்ட் போடுவது என் சுபாவம் என்பதால் பணியாளர் நலக் குழுவிலும் சேர்த்துவிட்டிருந்தார்கள். போட்டேன்:

அ. மைக்ரோஸ்கோப்புகள் தரைத்தளத்துக்கு.
ஆ. பக்கெட்டுக்குப் பதில் ட்ராலி, சின்ன பம்பு.
இ. தொட்டி அருகே உயரமான ஸ்டூல்.
ஈ. கனமான வேலை காலையில் மட்டும்.
உ. தினமும் மாலை, பத்துக்கு எத்தனை களைப்பு என்று அவரே எழுத வேண்டும்.

முதல் நான்கும் உடனே பலன் தந்தன. ஐந்தாவதில்தான் எனக்குப் பெருமை அதிகம். எண்ணைப் போட்டால் தானாக கிராஃப் வரும். இரண்டு வாரம் வந்தது ஒரே நேர்கோடு. 2, 2, 2. அந்த இரண்டு வாரத்தில் அவர் நான்கு நாள் படுக்கையில் இருந்தார்.

லீவு ரெஜிஸ்டரையும் தொட்டி லாக்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று எல்லாத் தொட்டிக்கும் தண்ணீர் மாற்றிய நாளுக்கு அடுத்த நாள், தவறாமல் லீவு. டாக்டர் சீட்டின் இரண்டாம் பக்கத்தில் 'நன்றாக இருக்கும் நாளில் கூடுதலாகச் செய்ய வேண்டாம்' என்றே இருந்தது. நான் முதல் பக்கத்தை மட்டும் படித்து ஃபைலில் போட்டிருந்தேன்.

3. ஸ்டோர் ரூம்

"தினமும் ரெண்டுதானா அண்ணே?" என்று கேட்டேன்.

டிக்சன் அண்ணன் சிரித்தார். "கடல்ல முங்குத குளியாளிட்ட மூச்சு இருக்கான்னு கேட்டா, இருக்குன்னுதான் மேடம் சொல்லுவான். எங்கப்பா சங்கு குளிக்கையில அம்மையோட அண்ணன்தான் மேல கயிறு பிடிப்பாவ. அப்பா கீழ இருந்து கயித்த அசைக்காட்டாலும் நேரம் பாத்து இழுத்துருவாவ. தங்கச்சி தாலி அவிய கையிலல்லா இருக்கு."

"அப்ப உங்க கயிறு யார் கையில?"

அவர் மேசைக்குப் பின்னால் இருந்த அண்ணாச்சியைப் பார்த்தார்.

"என்னைய ஏம்லே பாக்க? நீ என்ன என் தங்கச்சியவா கட்டிருக்க?" என்றார் அண்ணாச்சி. சொல்லிக்கொண்டே மேசை டிராயரைத் திறந்து ஒரு டைமரை எடுத்தார்.

4. "மேல ஏறு"

மறுநாள் முதல் ஏற்பாடு இதுதான். இருபது நிமிட வேலை, பிறகு ஸ்டூல். களைத்த பிறகு அல்ல, களைப்பதற்கு முன்பே. மாலையில் களைப்புக்கு எண் போடுவதும் இனி அண்ணாச்சிதான். மணி அடித்தால் ஸ்டோர் ஜன்னலிலிருந்து குரல் வரும்: "ஏலே, மேல ஏறு." தரைத்தளத்தில் நிற்பவரை மேலே ஏறச் சொல்வதைக் கேட்டுப் பிள்ளைகள் முழித்தார்கள்.

மாதக் கடைசியில் மேடமே தொட்டிப் பக்கம் வந்து நின்றார். டிக்சன் அண்ணனுக்கு அன்று நல்ல நாள். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி மேடம் கண்ணெதிரே வேலையை முடிப்பது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஒரு தொட்டி பாக்கி இருக்கையில் மணி அடித்தது. அவர் பம்பை நிறுத்தவில்லை.

"மேல ஏறுலே."

"ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. மேடம் நிக்காவல்லா."

"கலெக்டரே நின்னாலும் ஏறு."

டிக்சன் அண்ணன் ஹோஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மேடம் லாக்புக்கைப் புரட்டினார். கடைசி இரண்டு வாரத்தில் டிக்சன் அண்ணன் பதிவு ஒரு நாள்கூட விடுபடவில்லை. குஞ்சுகளும் பிழைத்திருந்தன. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அந்த ஹோஸை அவரே எடுத்தார்.

"இதை எந்தப் பக்கம் திருப்பணும் டிக்சன்?"

மேடம் மெயின் கேம்பஸுக்கு எழுதிய கடிதத்தில் மாற்றல் என்ற சொல்லே இல்லை.

நலக் குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: உடம்பு முடியாதவரிடம் படிவத்தை நீட்டிவிட்டு உங்கள் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வேலையை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் இருப்பவர் 2 என்றுதான் எழுதுவார். எங்கள் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: 'கயிறு பிடிப்பவர்.' அதில் பெயர் எழுதாமல் நான் வாங்குவதில்லை.

போன மாதம் காய்ச்சலோடு வந்து ஒரு மீட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் டிக்சன் அண்ணன் நின்றார். கையில் அந்த டைமர்.

"மேல ஏறுங்க மேடம்."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.