முதலில் நோஞ்சான்

இன்குபேட்டரின் கதவை அக்கா விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் திறப்பார். உள்ளே இருப்பவை காதில்லாத செல்கள். "அடுத்தவங்க வீட்டுக்குள்ள திடுதிப்புனு நுழைவீங்களா?" என்பார். பிறகு, செல்கள் வளரும் ஃபிளாஸ்குகளில் நீல டேப் ஒட்டியதை முதலில் எடுப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் நோஞ்சான். பக்கத்தில் கறுப்பு டேப்போடு இருப்பது தடியன்.

எங்கள் ஆய்வகத்தின் செல் வளர்ப்பு அறை இந்த அக்காவின் பொறுப்பு. பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். ஆண்டுக்கு ஒரு முறை பேராசிரியர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த ஆண்டு வேலை.

தடியன் சாதாரண மனித செல். நோஞ்சானும் அதேதான், ஒரே ஒரு மரபணுவை மட்டும் வெட்டி எடுத்தாயிற்று. நாக்அவுட் என்பார்கள். அந்த மரபணுவுக்கு என்ன வேலை என்று கண்டுபிடிப்பது என் முனைவர் பட்ட ஆய்வு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த ஆய்வை அம்மாவுக்கு விளக்க மூன்று ஆண்டுகளாகத் திணறிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கா என் போனை வாங்கினார்.

"வீட்ல யாரு என்ன வேலை செய்றாங்கன்னு, அவங்க நாலு நாள் ஊருக்குப் போனாத்தானம்மா தெரியும்? இங்க ஒரு ஆள ஊருக்கு அனுப்பிட்டு, எந்த வேலை நின்னு போச்சுன்னு பாக்குறோம். அவ்வளவுதான்."

அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. அக்கா விடவில்லை. "நான் மட்டும் ஊருக்கே போறதில்லம்மா. எதுவும் நிக்கலன்னு தெரிஞ்சா அசிங்கம்."

நோஞ்சான் மெதுவாக வளரும். தடியனை இரண்டு நாளுக்கு ஒரு முறை பிரித்து வேறு ஃபிளாஸ்குக்கு மாற்ற வேண்டும். நோஞ்சானுக்கு ஐந்து நாளாகும். அதனால் கையில் எடுப்பதும் முதலில் அவனைத்தான். இருவருக்கும் உணவாக ஊற்றுகிற சிவப்புத் திரவம் ஒன்றே என்றாலும் பாட்டில் வேறு, அதை உறிஞ்சி எடுக்கும் பிபெட் வேறு. "தடியன் ஒருத்தன் உள்ள பூந்தாப் போதும், டாக்டரம்மா. மூணு வாரத்துல வீடு அவன் பேருக்கு மாறிடும்." பட்டம் வாங்காத என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி ஆசீர்வாதம்.

போன மாதம் நோஞ்சான் தேறினான். செல்கள் பெருகினால் சிவப்புத் திரவம் மஞ்சளாகும். ஐந்தாம் நாளும் சிவப்பாகவே இருப்பது, இரண்டாம் நாளே மஞ்சளாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. பரிசோதனைகளை வேகமாகச் செய்து தள்ளினேன். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "பரவால்லையே, பழகிடுச்சு போல" என்றார். அப்படிப் பழகுவதும் உண்டுதான். அக்கா மட்டும் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா இருக்கான். அதான் இடிக்குது" என்றார். அந்த வாரம்தான் அவருடைய ஒப்பந்தக் கடிதம் தயாராக வேண்டிய வாரம்.

யாரும் கேட்காமலே சோதனை செய்தார். வெட்டிய மரபணுவின் புரதம் நோஞ்சானிடம் இருக்கக்கூடாது. புரதங்களைக் கோடுகளாகக் காட்டும் படத்தில் அந்த இடம் வெறுமையாக வர வேண்டும். அங்கே மெல்லிய கோடு ஒன்று இருந்தது.

"லேசாத்தானக்கா இருக்கு" என்றேன்.

"லேசாத்தான் ஆரம்பிக்கும்."

அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். மூன்று வார முடிவுகள் என் நோட்டில் இருந்தன. அந்தக் கோட்டை நானே முதலில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு வியாழக்கிழமையில் விரல் நின்றது. அவருடைய மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்த நாள். அவசரத்தில் வரிசை மாறியிருந்தது. தடியனைத் தொட்ட பிபெட்டாலேயே நோஞ்சானின் பாட்டிலிலிருந்தும் உறிஞ்சியது அவருக்கு நினைவு வந்தது. வேறு யாருக்கும் அது தெரிய வழியே இல்லை.

பதிவேட்டோடு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

"சார், நோஞ்சான்ல தடியன் கலந்துட்டான். என் கைத்தப்புதான்."

"எத்தனை நாள் வேலை போச்சு?"

"மூணு வாரம் சார். இந்தப் பொண்ணோடதும் சேத்து."

அவர் கோபப்படவில்லை. "சரி, போங்க" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அன்றே கலந்துபோன ஃபிளாஸ்குகளில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றிச் செல்களைக் கொன்றார். நைட்ரஜன் தொட்டியில் பழைய நோஞ்சான் இரண்டு குப்பிகள் உறைந்திருந்தன. ஒன்றை எடுத்து உருக்கினார். நான்கு நாள் ஃபிளாஸ்கில் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்தாம் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் ஒட்டியிருந்தன. "வந்துட்டான் சோம்பேறி" என்றார்.

நேற்று அலுவலக உதவியாளர் கடித உறையோடு வந்தார். இந்த முறை ஒப்பந்தம் ஓராண்டுக்குப் பதிலாக ஆறு மாதம்தான் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும்.

"பிரிச்சுப் பாருங்கக்கா. கையெழுத்து வாங்கிட்டுப் போகணும்."

அக்கா திரும்பவில்லை. டேப் சுருள்கள் இருந்த மேசையை முகவாயால் காட்டினார். நோஞ்சானுக்குப் புதுத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடியைத் திருகி, ஃபிளாஸ்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். இன்குபேட்டர் வந்ததும் ஃபிளாஸ்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கதவை இரண்டு முறை தட்டினார்.