பஸ்ஸில் கட்டிய கொடி

மொழித் தேர்வில் தேறவில்லை என்று குடியேறிகள் வாழும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கவில்லை. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகருக்கு வெளியே, டேனியப் பிள்ளைகளே படித்த பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்பினார்கள். கலந்து படித்தால் மொழி வருமாம். பஸ் ஓட்டியவர் தோர்கில், அந்த ஊர்க்காரர். இந்த பஸ்ஸே வேண்டாமென்று ஊர்க்கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியவரும் அவர்தான். ஓட்டுகிற வேலை கிடைத்ததும் சத்தமில்லாமல் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரலில் ஒருநாள் பஸ்ஸின் முகப்பில் இரண்டு சின்னக் கொடிகள் பறந்தன. அந்த நாட்டில் பிறந்தநாளுக்குத் தேசியக் கொடி கட்டுவார்கள்; எனக்குத் தெரிந்து கொடி என்றால் பிறந்தநாள்தான்.

"இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?"

"நாட்டோட ராணிக்கு. உனக்கில்ல. போய் உக்காரு."

சரியான சிடுமூஞ்சி.

என் பிறந்தநாள் மே மாதம். வகுப்புப் பெண்கள் அத்தனை பேரையும் அழைத்தோம். "அந்தப் பக்கமெல்லாம் எப்படி அனுப்புறது?" என்று ஒரு தாய் ஆரம்பித்தாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அம்மாவோ எங்கள் ஊர்ச் சமோசாவான சம்பூசா பொரிக்க வேலைக்கு லீவு போட்டிருந்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? பஸ்ஸிலேயே அழுதேன்.

"ஏய் ஹம்தி, என்ன மூக்குச் சிந்தல்?" என்றார் தோர்கில். சொன்னேன்.

"அந்தப் பக்கம் நான் தினமும்தான் போறேன். எவனும் என்னைக் கடிச்சுத் திங்கலையே!"

மறுநாள் பள்ளி வாசலில் தாய்மார்களைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த பஸ் வேணாம்னு மொதல்ல கத்துனவன் யாரு? நான்! நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டாந்து விடுறேன். இன்னும் என்ன பயம் உங்களுக்கு?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. குடியேறிகளை எதிர்க்கும் அவர் கட்சியை அறிந்தவர்கள் என்பதால் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

கடைசிவரை அவர் அந்தக் கட்சிக்குப் போடும் ஓட்டை மாற்றவில்லை. "ஓட்டு வேற, நீ வேற" என்பார். எனக்கு அதில் இன்றும் கோபம்தான். அந்தக் கோபத்தோடே சொல்கிறேன்: அந்த மனிதருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

பிறந்தநாளன்று பள்ளி விட்டதும் வாசலுக்கு ஓடினேன். பஸ்ஸின் முகப்பில் இரண்டு கொடிகள். எனக்குப் பின்னால் வகுப்புப் பெண்கள் பரிசுப் பொட்டலங்களோடு முண்டியடித்து ஏறினார்கள்.

"இன்னைக்கும் ராணிக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ராணி கெடக்கட்டும்," என்றார் தோர்கில். "இன்னைக்கு நம்ம ஹம்திக்கு."