இரண்டு பக்கெட்டும் ஒரு ஸ்பானிஷ் பேட்டியும்

காலை ஒன்பது நாற்பதுக்கு என் மகளின் செல்போன் அடித்தது. திருப்பதியில் அவளுடைய கல்லூரி வராந்தாவில் நின்றிருந்தோம். பேசியது விஜயபுரத்திலிருந்து வரவேண்டிய அவள் தோழி.

"ஏய், இன்னும் நகரியே தாண்டல. லாரி ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்கால சாஞ்சிக்கினு கீது. பஸ்ஸு நவுரல."

அன்று ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வு. சுற்றுச்சூழல் பற்றி ஒருவர் பேட்டி எடுக்க வேண்டும், இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். மதிப்பெண் கேள்வி கேட்பவருக்குத்தான். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் ஆப்சென்ட். மறுபடி அடுத்த வருடம்தான். அந்தத் தோழிதான் மகளின் ஜோடி.

ஸ்ரீ சிட்டியில் என் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான் கூட வந்திருந்தேன். வந்து செய்ய ஒன்றுமில்லை. புத்தூரில் வீட்டில் உட்கார்ந்திருந்தால் பதற்றம் இன்னும் கூடும், அவ்வளவுதான்.

மாலை நேரங்களில் மகள் என்னைத்தான் பேட்டி எடுத்துப் பழகினாள். எனக்கு அந்த மொழி தெரியாது. பதில்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவாள். நான் பள்ளிக்கூடத்தில் செய்தது போலவே வரிசையாக உருப்போட்டேன். முதலில் தண்ணீர், அடுத்து குப்பை, அப்புறம் பஸ், கடைசியில் மரம். குப்பையைப் பிரித்துப் போடுகிறோம் என்று ஒரு பதில் வந்தது. நாங்கள் பிரித்ததே இல்லை.

"பொய் சொன்னா அது பேட்டி இல்ல நைனா," என்றாள் மகள். அன்றே இரண்டு பக்கெட் வந்துவிட்டது, பச்சையும் நீலமும்.

"உங்க பாஷைக்கு என் சமையக்கட்டுதான் கெடச்சிதா?" என்றாள் என் மனைவி. "இதுக்கு மார்க் வரலன்னா ரெண்டு பேரும் வூட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

இப்போது மகள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே நுழைந்து, தோழி வரமுடியாத கதையை விரிவுரையாளர் அம்மாவிடம் தெலுங்கில் சொன்னேன். வீட்டில் யாருடன் பழகினாள் என்று கேட்டார். என்னுடன் என்றேன். அவர் சிரித்துவிட்டு எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"கூச்சோண்டி சார்."

உட்கார்ந்தேன். பிறகு அவர் மகளைப் பார்த்து, கேள்விகளை வரிசையாகக் கேட்காதே, கலைத்துக் கேள், எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள் என்றார். எனக்கு இருந்ததே வரிசை ஒன்றுதான்.

மகள் எதையோ கேட்டாள். நான் முதல் பதிலை ஒப்பித்தேன்: துணி அலசிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுகிறோம். அவள் கேட்டது, வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விரிவுரையாளரின் பேனா நின்றது.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு சிரிப்பு சிரித்து, எழுதி வைக்காத எதையோ சொன்னாள். தண்ணீர் மேல் இத்தனை அக்கறை உள்ளவர் குப்பையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாளாம், பிறகு சொன்னாள். நான் இரண்டு பக்கெட்டைச் சொன்னேன். அடுத்ததற்கு பஸ். பிறகு மரம். என் வரிசைக்குத் தகுந்தபடி அவளே கேள்விகளைப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தாள். தெரியாத ஊரில் குழந்தையின் கையைப் பிடித்துச் சாலை கடக்க வைப்பது போல இருந்தது. குழந்தை நான்தான்.

பேச்சு என்றால் இப்படித்தான் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்க வேண்டும் என்று விரிவுரையாளர் பாராட்டினார். தோழிக்கு மதியம் நேரம் தருவதாகவும் சொன்னார்.

வெளியே வந்ததும் நானும் அதே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் தோழி. தலையெல்லாம் புழுதி, யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்களாம். மகள் நடந்ததைச் சொன்னதும், பக்கெட் கதை முன்பே தெரிந்திருந்த அவள் தன் கவலையை மறந்து என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், அந்த ரெண்டு பக்கெட்ட சொன்னீங்களா இல்லியா? அத வுட்டுட்டு வந்தீங்கன்னா ஆன்ட்டி உங்கள வூட்ல சேக்க மாட்டாங்க."