செரி மரத்துக்குக் கவ்வாத்து

லுணுகலைக்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில் இருக்கும் பழைய துரை பங்களாவுக்குக் கந்தப்பன் தோட்டக்காரனாகப் போனது ஆசைப்பட்டு அல்ல. மீசை அரும்பிய நாளிலிருந்து கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். மூத்துப்போன தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி, மறுபடி துளிர்க்க வைக்கும் வேலை அது. ஒரே வீச்சில், சிராய் இல்லாமல் வெட்ட வேண்டும். வீசி வீசியே வலது தோள் தேய்ந்துபோயிற்று. சோற்றுப் பானையை இறக்குவதற்குக்கூட இடது கை துணைக்கு வர வேண்டியிருந்தது. பங்களாவைச் சுற்றுலாக்காரர் தங்கும் விடுதியாக்கியபோது, புல் செதுக்கவும் முற்றம் கூட்டவும் ஆள் தேடினார்கள். அந்தத் தோளால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான். இதுவும் போனால் மனைவி தனலெட்சுமி பறித்து வரும் கொழுந்தை நம்பி லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார வேண்டியதுதான். அதை நினைக்கவே அவருக்கு அலுப்பாக இருந்தது.

பங்களா முற்றத்தில் ஒரு செரி மரம் நின்றது. எந்தத் துரை நட்டது என்று யாருக்கும் தெரியாது. மாசி வந்தால் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, கிளை தெரியாமல் ரோசா நிறத்தில் பூக்கும். விடுதிக்கு வருகிறவர்கள் அதன் அடியில் நின்று படம் எடுப்பார்கள். லயத்து ஆட்களுக்கும் அந்தப் பூ வேண்டும். காமன் கூத்தில், தவத்தில் இருக்கும் சிவன்மேல் காமன் விடுகிற அம்பில் ஐந்து வகைப் பூ கட்டுவார்கள். அதில் ஒன்று அசோகம். இந்தக் குளிரில் அசோகத்துக்கு எங்கே போவது? யாரோ ஒரு கூத்து வாத்தியார் ஒரு வருடம் செரிப் பூவை வைத்துக் கட்டியிருக்கிறார். அதுவே வழக்கமாகிவிட்டது.

கொஞ்ச காலமாக மரம் நன்றாகப் பூக்கவில்லை. விடுதி மேனேஜர் றுஷாந்தன், பதுளைப் பக்கத்து இளைஞன், ஒரு நாள் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, இதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க. மொதலாளி கேட்டுக்கிட்டே இருக்காரு."

ஏதாவது பண்ணுவது என்றால் கந்தப்பனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மழை வெறித்ததும் ஏணி சாத்தி, தோள் வலிக்கும்போதெல்லாம் இறங்கி உட்கார்ந்து, மட்டக்கம்பு வைத்துப் பார்த்து, கிளைகளைக் கைவாளால் ஒரே மட்டமாக அறுத்தார். வெட்டு வாயில் தண்ணீர் தேங்காதபடி சரித்து விட்டார். தேயிலைக்குச் செய்வது போலவே, மரம் மூச்சு விடுவதற்காக ஒரு கிளையை மட்டும் தொடாமல் விட்டார். கீழே நின்று பார்த்தபோது, நல்ல கவ்வாத்து என்று அவருக்கே பட்டது.

பழைய கிளையில்தான் செரி பூக்கும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. தேயிலை பூத்தால் செடி நோஞ்சானாகிவிட்டது என்பார்கள். பூ வருவதற்காக அவர் எதையுமே வெட்டியதில்லை.

மாசியில் அந்த ஒற்றைக் கிளை மட்டும் பூத்தது. மற்ற வெட்டு வாய்களில் செம்பு நிறத்தில் தளிர்கள் கிளம்பின. றுஷாந்தன் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"என்னண்ணே, மரத்தத் தேயிலயாக்கி வச்சிருக்கீங்க?"

"தழையும்னு நெனச்சேங்க சேர்."

"தழைக்கத்தான் செஞ்சிருக்கு. பௌர்ணமி அன்னைக்குக் கொழும்புலருந்து கல்யாண ஜோடி போட்டோ எடுக்க வருது. பூ இல்லைன்னு திரும்பிப் போனாங்கன்னா மொதலாளி ஒங்களத்தான் வேலயிலருந்து நிப்பாட்டுவாரு. நான் ஒண்ணும் பேச முடியாது."

"அந்த ஒரு கெள இருக்குங்க."

"அதுல ஒரு பூ கொறையக்கூடாது."

விஷயம் தெரிந்த தனலெட்சுமி அடுப்படியில் இருந்தே சொன்னாள்: "பொறந்த புள்ளைக்கு மொட்டயடிக்கச் சொன்னாக்கூட மட்டக்கம்பு வச்சுத்தான் அடிப்பீங்க."

கந்தப்பன் தினமும் விடியலில் போய்க் கிளையைப் பார்த்தார். குருவி உட்கார்ந்தால் கையைத் தட்டினார்.

கூத்தில் சிவன் காமனை எரிக்கிற நாளும் அதே பௌர்ணமிதான். காலையிலேயே தனலெட்சுமியின் அண்ணன் இராசையா வந்துவிட்டார். இப்போது கூத்து வாத்தியார் அவர்தான்.

"மாப்ள, ஒரு கொத்து குடுங்க. அம்பு கட்டணும்."

"சாயங்காலம் வாங்க மச்சான். இப்ப தொட்டா என் வேல போயிரும்."

"காமன் ஒங்க மேனேஜர்கிட்ட பெர்மிசன் வாங்கணுமாக்கும்," என்று சிரித்துவிட்டு இராசையா இறங்கிப் போனார்.

ஜோடி வந்தபோது பனிமூட்டம். அது விலகும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். கூட வந்த படக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வெட்டுப்பட்ட பக்கம் தெரியாமல் அந்த ஒரு கிளைக்குக் கீழே அவர்களை நிறுத்தினார். சில படங்கள் எடுத்த பிறகு கந்தப்பனைக் கூப்பிட்டார்.

"பூ மழை மாதிரி விழணும் ஐயா. மேல ஏறி கொஞ்சம் உலுக்குங்க."

கந்தப்பன் றுஷாந்தனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். குருவியைக்கூட உட்காரவிடாத கிளையை, ஏணியில் ஏறி இடது கையால் உலுக்கினார். போதவில்லை என்றார்கள். வலது கையையும் போட்டார். தோளுக்குள் ஏதோ பிசகியது. மணப்பெண் சிரித்தாள். பூவெல்லாம் விழுந்து முடிகிற வரைக்கும் உலுக்கச் சொன்னார்கள்.

ஜோடி சந்தோசமாகப் புறப்பட்டுப் போயிற்று. "தப்பிச்சீங்கண்ணே," என்றான் றுஷாந்தன். "அடுத்த வருசம் வாளைத் தொட்டுறாதீங்க."

பொழுது சாயும்போது இராசையா மறுபடி வந்தார். வெறுங்கிளையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"கீழ விழுந்தத சாமிக்கு வைக்க முடியாதே மாப்ள."

"தெரியும் மச்சான்."

 பிறகு கந்தப்பன் ஏணிக்குப் போகாமல், கைக்கு எட்டிய ஒரு வெட்டு வாயிலிருந்து செம்புத் தளிரைக் கிள்ளினார். இரண்டு இலை, ஒரு குருத்து. தோட்டத்துக் கை கொழுந்தை அப்படித்தான் கிள்ளும்.

"இந்த மரத்துல இருக்கிறது இதுதான்."

இராசையா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொழுந்து அம்பா? இது பட்டா, செவன் தவம் கலைஞ்சு நேரா காலைப் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் குடுத்துருவாரு."

"போகட்டும். வேலைக்கு ஆள் பத்தலைன்னு கங்காணி சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு."

இராசையா சிரித்தபடி தளிரைத் தலைப்பாகையில் செருகினார். "காமன் இன்னைக்கு எரிஞ்சாலும் அப்புறம் உசுரோட எந்திரிச்சிருவான். ஒங்க மரமும் எந்திரிச்சிரும். கூத்துக்கு நேரத்தோட வாங்க மாப்ள."

"முத்தம் கூட்டணும் மச்சான். முடிச்சுட்டு வாறேன்."

கீழே லயத்தில், கூத்துக்கான தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சும் புகை தெரிந்தது. கந்தப்பன் இடது கையால் விளக்குமாற்றை எடுத்தார். பனி ஈரத்தில் இதழ்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, குந்தி உட்கார்ந்து, கையாலேயே வழிக்கத் தொடங்கினார்.