சுற்றிக் கட்டிய கோழிப்பெட்டி

தை மாதத்தில் புயல் வருமென்று எங்கள் ஊரில் யாரும் நினைக்கவில்லை. பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்புறம் அம்மா போட்டிருந்த அவரைப் பந்தலும் கத்தரிச் செடிகளும் காய்த்துக் குலுங்கின. பக்கத்திலேயே வலையடித்த ஒரு மரப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகள். தாய்க்கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டதால், அவை ஒரு குண்டு பல்பின் சூட்டில் வளர்ந்தன.

குஞ்சுகளுக்குப் பொறுப்பு சித்தப்பா. அவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. கார்த்திகையில் பிறந்த அவருடைய முதல் குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. சித்தி தாய்வீட்டுக்குப் போய்விட, சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, வேலைக்கும் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அம்மாதான் தீனிக் கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள். அதன் பிறகுதான் மனிதர் எழுந்து நடமாடினார். குஞ்சுகளோடு பேசவும் செய்தார். என்னோடு பேசியதைவிட அதிகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

புயலன்று காலையிலேயே காற்று பந்தலைப் பிடித்து உலுக்கியது. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா செடிகளுக்குக் கழி ஊன்றிக் கட்ட, நான் சணல் பிடித்தேன். சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் ரோலைத் தேடி எடுத்துவந்தார். கம்பெனியில் லாரிக்கு ஏற்றும் பெட்டிகளைச் சுற்றுகிற ரோல் அது. கோழிப்பெட்டியை அதனால் சுற்றிச் சுற்றி, வலையே தெரியாமல் இழுத்து ஒட்டினார். பெட்டி பளபளவென்று ஏற்றுமதிக்குத் தயாராக நின்றது.

"கப்பல்ல போற ஐட்டத்துக்கே இப்டிதான் அண்ணி சுத்துவோம். ஒரு சொட்டு உள்ள போவாது" என்று சிரித்தார்.

அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

மத்தியானம் கரண்ட் போனது. பந்தல் சாய்ந்தது. சாயங்காலம் மழை விட்டதும் சித்தப்பா கத்தியால் பிளாஸ்டிக்கைக் கிழித்தார். மழைத் தண்ணீர் ஒரு சொட்டும் இறங்கவில்லை. குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. ஒன்றை எடுத்தேன், தலை தொங்கியது.

"உள்ள காத்தே போவலம்மா! மூச்சு முட்டி செத்துடுச்சுங்க!" என்று கத்தினேன்.

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை.

"கரண்ட் போச்சில்ல, குளிரு தாங்கல. அவ்ளோதான்" என்றாள் அம்மா, சித்தப்பாவைப் பார்த்து.

"இல்ல அண்ணி, அவ சொல்றதுதான் கரெக்ட்டு." சித்தப்பா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் கையில எதுவுமே தங்க மாட்டேங்குது."

அம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள். சமையலறையில் அடைகாத்துக்கொண்டிருந்த கறுப்புக் கோழியை முட்டைகளோடும் கூடையோடும் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள்.

"சீக்கிரமே பொரிச்சுடும் தம்பி. இதையும் நீதான் பாத்துக்கணும். எனக்குப் பந்தல் வேலை கீது."

குஞ்சுகளைக் கொன்றவருக்கு இன்னொரு கூடை, உள்ளதைச் சொன்ன எனக்கு அறை. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். அப்பாவிடம் சொல்லி அந்த முட்டைகளையாவது காப்பாற்றிவிட வேண்டுமென்று, கன்னத்தைத் தேய்த்தபடி தெருமுனைக்குப் போய் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன்.